கழுகுமலையில் சொதி விருந்து

கேட்க வேண்டிய நேரத்தில் பேசுவதும், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் தூங்குவதும் எனக்குப் பிறவிக் கோளாறுகள். தனித்தனியாக வந்தால் பெரிய சேதம் இருக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. அன்றைக்கு ஒரு நல்ல மனுஷியை மலைமேல் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டினி போட்டேன்.

அப்போது நான் திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலாளி சமணர். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். ஆனால் அவர் பேசும் நெல்லைத் தமிழுக்கு முன்னால் என் தமிழ் வெளியூர்த் தமிழ் போலத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"மதுரையில கட்டிக் கொடுத்த எங்க அக்கா வந்திருக்கா. கழுகுமலையில தீர்த்தங்கரர் சிலையெல்லாம் பாக்கணும்ங்கா. நாளைக்கு நீரு கூடப் போயிட்டு வாரும். இன்னைக்கு அவ உபவாசம். நாளைக்கு அங்க கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடுவா. அதுவும் பொழுது அடையுறதுக்குள்ள சாப்பிட்டாகணும். விட்டா மறுநாள் காலையிலதான். அதுவரைக்கும் தண்ணிகூடக் குடிக்க மாட்டா."

"சாப்பாடு எங்க வீட்டுல இருந்து கொண்டாரேன் முதலாளி."

"வேண்டாம்வே. எங்க சாப்பாட்டுல ஒரு விஷயம் இருக்கு, அதைக் கேளும்..."

"எங்க வீட்டுல முட்டை ஓட்டைக்கூட மிதிக்க மாட்டோம். சுத்த சைவம்! எங்களுக்குப் போயி சைவத்தைச் சொல்லித் தரணுமா?"

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். நான் எங்கள் முப்பாட்டனாரிலிருந்து ஆரம்பித்தேன். (எங்கள் பக்கத்துச் சைவ வேளாளர் வீடுகளில், பூமியிலேயே தூய்மையான சாப்பாடு தங்கள் அடுப்பில்தான் வேகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சீக்கிரம் முடிக்க மாட்டோம்.) அதற்குள் டெலிபோன் அடித்தது. அவர் எடுக்கப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா, "அவங்க என்னெல்லாம் சாப்பிடுவாங்கன்னு கேட்டியால?" என்றாள்.

"கேட்டேம்மா. நம்மள மாதிரிதான்."

அம்மா சொதி வைத்தாள். சொதி என்றால் எங்கள் ஊரில் புது மாப்பிள்ளைக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. கூடவே சேனைக்கிழங்கு வறுவல், இஞ்சித் துவையல், தயிர்சாதம் என்று அடுக்கு கேரியர் நிறைந்துவிட்டது. தூக்கினால் கை ஒரு பக்கமாக இழுத்தது.

மறுநாள் மதியம் வண்ணாரப்பேட்டையில் முதலாளி வீட்டிலிருந்து வாடகை அம்பாசிடர் கிளம்பியது. ஓட்டியவர் சுடலை அண்ணாச்சி. பின் சீட்டில் முதலாளியின் அக்கா தாராபாய், வெள்ளைப் புடவையில், ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு ஜபமாலை. அதிகம் பேசவில்லை. வண்ணாரப்பேட்டைப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டும்போது மட்டும் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்து, "தண்ணி நல்லா இருக்கு" என்றார். முந்தின நாளிலிருந்து சாப்பிடாதவர் சொன்னதாக்கும் அது. கயத்தாறு தாண்டியதும் கரிசல் காடு விரிந்தது. தூரத்தில் காற்றாலைகள் பையப் பையச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே எனக்குக் கண் சொருக ஆரம்பித்தது.

கழுகுமலையில் அண்ணாச்சி காரிலேயே இருந்துகொண்டார். நானும் தாராபாயும் மேலே ஏறினோம். பாறைச் சரிவு முழுக்கத் தீர்த்தங்கரர்கள். வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து, எதுவும் வேண்டாம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பெரிய உருவம், சிலர் சாண் உயரம். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அப்படியே இருக்கிறார்களாம். வெயில் கல்லில் பட்டு மஞ்சளாக வழிந்தது. எங்கோ கீழே முருகன் கோயில் மணி கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

தாராபாய் முதல் சிலைக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தார். எல்லாச் சிலைக்கும் அப்படித்தான் செய்வார் என்று தெரிந்தது. நான் கேரியரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஒரு பாறை நிழலில் சாய்ந்தேன். காற்று முகத்தைத் தடவியது. ஒரு நிமிஷம் மட்டும் கண்ணை மூடலாம் என்று நினைத்தேன்.

நினைத்த மாத்திரத்தில் பந்தி ஆரம்பித்துவிட்டது. பாறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தலைவாழை இலை. நான் வேட்டியை மடித்துக் கட்டி, வாளியும் கரண்டியுமாக வரிசையில் நடந்தேன். "சொதி? கொஞ்சம் சொதி?" ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தார்கள். வரிசை மலையைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, கால் வலிக்கவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இப்படியே காலமெல்லாம் நடக்கலாம் போல இருந்தது.

"வே! எந்திரும்வே! பொழுது சாயுது!"

எங்களைக் காணோமென்று மேலே ஏறி வந்த சுடலை அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். நிழல் நீண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மரத்தடியில் தாராபாய் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா முடிச்சீங்க?"

"ரொம்ப நேரம் ஆச்சு. நீங்க சிரிச்சிட்டே தூங்கினீங்க. கேரியரைக் கட்டிப் பிடிச்சிருந்தீங்க. எழுப்ப மனசு வரலை."

பதறிப்போய்க் கேரியரைத் திறந்தேன். சொதி வாசம் மலையையே சுற்றியது. தாராபாய் எட்டிப் பார்த்து, "இதில என்ன இருக்கு தம்பி?" என்றார்.

(செய்முறை கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.) "சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, முழுப் பூண்டு, இறக்கும்போது இஞ்சிச் சாறு! அதான் அம்மா கைப்பக்குவம்."

"இது?"

"சேனைக்கிழங்கு. மொறுமொறுன்னு இருக்கும். இது இஞ்சித் துவையல்."

"தயிர்சாதம்?"

"அதிலயும் இஞ்சி உண்டும்மா!" என்றேன், அவர் வயிறு குளிரட்டும் என்று.

அவர் மூடியை எடுத்துப் பைய மூடினார். "நாங்க மண்ணுக்குள்ள விளையறது சாப்பிட மாட்டோம் தம்பி. தோண்டி எடுத்தா நிறைய உயிர் போகும். வெங்காயம், பூண்டு, இஞ்சி, கிழங்கு எதுவும் ஆகாது."

முதலாளி சொல்ல வந்த விஷயம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. அம்மா விடிகாலையில் எழுந்து, பூமியிலிருந்து தோண்டக்கூடிய அத்தனையையும் தோண்டிச் சமைத்திருக்கிறாள். வெறும் சோறாவது தேறுமா என்று அடித்தட்டைப் பார்த்தேன். மேல்தட்டுச் சொதி, ஏறி வந்த ஆட்டத்தில் வழிந்து, அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வாழைப்பழம்!" என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன். செருப்பைக்கூடப் போடவில்லை. பாறையில் பாதி ஓட்டம், பாதி சறுக்கல். கோயில் வாசலில் ஒரு சீப்புப் பழத்தைப் பிடுங்கி, பாக்கிச் சில்லறை வாங்காமல் திரும்ப ஏறினேன். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அந்த அம்மாள் ஒரே ஒரு பழமாவது தின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. வேலை போய்விடுமே என்பதுகூட மறந்துவிட்டது. மேலே வந்தபோது மேற்கே வானம் சிவந்து கிடந்தது. சூரியன் இல்லை.

"இன்னும் அடையலம்மா. அங்கன அந்த மேகத்துக்குப் பின்னாலதான் நிக்கி. நான் பாத்தேன்" என்று சுடலை அண்ணாச்சி எனக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

தாராபாய் சிரித்தார். "போயாச்சு அண்ணா." என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

இல்லை. விருந்தாளி சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?

"அப்போ சாப்பிடுங்க. பசியோட யாரும் இங்க இருந்து போகக் கூடாது. நான் பார்த்திட்டு இருக்கேன்."

மறுத்துப் பார்த்தேன். விடவில்லை. மலையை விட்டு இறங்கி, கார்ப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு நாளாகச் சாப்பிடாதவர் கண் முன்னால் நான் சொதி சாப்பிட்டேன். முதல் வாயில் அழுகை வந்தது. இரண்டாவது வாயில், என்ன செய்ய, ருசி தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே வழித்துச் சாப்பிட்டேன். அண்ணாச்சி மூன்று தடவை ஏப்பம் விட்டார். தாராபாய் ஜபமாலையை மடியில் வைத்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பாறையில் பார்த்த அதே முகம்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்த அம்மா பட்டினி கெடக்கா. நீ அவ முன்னால இருந்து சொதி குடிச்சிட்டு வந்திருக்க."

அப்பா பேப்பரை இறக்கினார். "நம்ம ஆளுகளுக்கும் சமணருக்கும் அந்தக் காலத்துல வாதம்தாம்லே நடந்திச்சு. சோறு போடுதேன்னு கூட்டிட்டுப் போயிப் பட்டினி போட்டது நீ ஒருத்தன்தான்." (வாதத்துக்குப் பிறகு சமணரைக் கழுவேற்றியதாகச் சொல்வதை அவர் வசதியாக விட்டுவிட்டார்.)

அன்று அம்மாவும் சாப்பிடவில்லை. காலையில் புதுப் பாத்திரத்தில் இட்லியும், தேங்காயும் பச்சை மிளகாயும் மட்டும் அரைத்த சட்னியுமாக என்னை இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். பொழுது விடிந்ததில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, வெயில் நன்றாக ஏறும்வரை வாசலிலேயே நின்றோம். முதலாளி உள்ளே கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "அக்கா, இவுக வீட்டுச் சாப்பாடு நேத்து எப்படி இருந்திச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

தாராபாய் பொய் சொல்லாதவர். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றார் அவர். "இந்தத் தம்பி சாப்பிட்டதைப் பார்த்தாலே தெரிஞ்சது."

முதலாளி அவரைப் பார்த்தார், இட்லிப் பாத்திரத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "சைவத்தைச் சொல்லித் தரணுமான்னு கேட்டீரே வே!" என்று சிரிக்க ஆரம்பித்தவருக்கு, சிரித்து முடிக்க நாற்காலி தேவைப்பட்டது. அம்மா சிரிக்கவில்லை. தாராபாய் முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

வேலை போகவில்லை, மானம் மட்டும் போனது. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், நான் இலையில் உட்கார்ந்ததும் எதிரே யாராவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் என்னைப் பார்ப்பார்கள். சாப்பாடு எப்படி என்று தெரிந்துகொள்கிறார்களாம். போன ஆவணியில் என் மகள் கல்யாணம். மறுவீட்டுச் சொதி விருந்தில் சம்பந்தியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் இலைக்கு எதிரே அமர்ந்தார். "உங்க மக எல்லாம் சொல்லிட்டா. சாப்பிடுங்க அண்ணாச்சி, நாங்க பாக்கோம்" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவர் உள்ளே திரும்பி, "ஏட்டி, சொதி நல்லா இருக்காம்" என்று குரல் கொடுத்தார்.