பூட்டிய கேட்டும் கற்பனை ரசமும்

பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளைக் கண்டால் இப்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் நடந்துவிடுகிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அப்படிப்பட்ட ஆளாக இருந்தேன். ஒரு காலம் என்றால் சரியாகப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

எங்கள் வீடு கரையாம்புத்தூர் பக்கம். தெருவில் எங்கள் வரிசை புதுச்சேரி, எதிர் வரிசை தமிழ்நாடு. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். எதிர்வீட்டில் குழம்பு தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும், ஆனால் அவர்களுக்கு முதலமைச்சர் வேறு, எங்களுக்கு வேறு. என் மகள் கயல் ஐந்தாம் வகுப்புவரை விளையாடித் திரிந்த மூன்று தோழிகளும் எதிர் வரிசைக்காரிகள். ஆறாம் வகுப்புக்கு அவர்கள் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கயல் ஒருத்திதான்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும்; அப்போதே அவளைப் பாகூர் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் சேர்த்தேன். நான்கு நாள் போனாள். ஐந்தாம் நாள் அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி எழுந்து உட்காருவதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டது. அந்த நான்கு நாளும் அவள் மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அது எங்களுக்கு மே மாதக் கடைசியில்தான் தெரிந்தது. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஆறாவது படிக்கலப்பா. அஞ்சாவதே இன்னொரு வாட்டி படிக்கிறேன்."

ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டு அதோடு விட்டிருக்கலாம். நான் போனை எடுத்தேன். (அங்கேதான் பிடித்தது சனியன்.) பள்ளி திறக்கும்போது குடும்பம் மனச்சமநிலையோடு இருப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விடிவதற்குள் சார்ட் பேப்பரில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து (எதிர் வரிசைக்காரர்கள் ஒன்றியம் என்பார்கள்) ஆபீசில் எழுத்தர் வேலை எனக்கு. ஊருக்கே நோட்டீஸ் ஒட்டுகிற கை, வீட்டுச் சுவரை மட்டும் விடுமா?

அட்டவணைப்படி ஐந்தரைக்கு எல்லாரும் எழ வேண்டும். குளித்து, சீருடை போட்டு, புத்தகப் பையோடு பஸ் ஸ்டாப்புவரை போய்த் திரும்ப வேண்டும். இதற்கு ஒத்திகை என்று பெயர். என் மனைவி செல்வி எனக்கு மாமன் மகள், ஆகவே என்னை எதுவும் சொல்லும் உரிமை பிறவியிலேயே பெற்றவள். மூன்றாம் நாள் ஒத்திகையில் புளிச்சோற்றை டப்பாவில் அடைத்தபடி கேட்டாள்: "டப்பால போட்டு எட்த்துகினு போயி, திரும்பி வந்து வூட்டுலயே துன்றதுக்கு இன்னாத்துக்கு மாமா டப்பா?"

அவளுக்குப் பதற்றம் என்று குறித்துக்கொண்டேன். பதற்றத்துக்கு என்னிடம் மருந்து இருந்தது. மூச்சுப் பயிற்சி. வீடியோவில் பூ, மெழுகுவர்த்தி என்றெல்லாம் சொன்னார்கள். நான் அதை நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். முன்னால் ஒரு கிண்ணம் சூடான ரசம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மூக்கால் மெதுவாக மோந்து பார்க்க வேண்டும், வாயால் மெதுவாக ஊதி ஆற்ற வேண்டும். ஐந்து தடவை. தினமும் சாப்பிட்டபின் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து இல்லாத ரசத்தை ஊதினோம். செல்வி ஊதும்போது என்னையே முறைத்துக்கொண்டு ஊதுவாள்.

கடைசி மூன்று நாளுக்கு ஒரு சிறப்பு ஏற்பாடு. வீட்டுக்குள் கெட்ட சேதி நுழையக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். டிவி ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு போனையும் அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அவசரமாக யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று செல்வி கேட்டதற்கு, வெளிச்சேதிதான் நம் எதிரி என்று சொன்னேன். என் மூஞ்சிக்கு அப்படி ஒரு வசனம்.

திங்கட்கிழமை விடிந்தது. கயல் தானாகவே எழுந்து குளித்தாள், தானாகவே பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. பஸ் ஸ்டாப்பில் எதிர் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் சீருடையில் நின்றார்கள். அவர்கள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மூன்று தோழிகளும் ஜன்னலில் கை ஆட்டினார்கள். எங்கள் புதுச்சேரி மாணவர் பஸ் மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் நின்றோம். முதல் நாளே இப்படியா என்று பஸ் விடுகிற சகலரையும் மனதுக்குள் திட்டிவிட்டு (வாய்விட்டுத் திட்டினால் சமநிலை கெடும்) ஸ்கூட்டியை எடுத்தேன்.

வழி முழுக்கக் கயல் என் இடுப்பைப் பிடித்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மோந்து பார்க்கிற சத்தமும் ஊதுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி வழியில் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தபடி, அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் நான் ஆற்றப்போகும் உரையை மனதில் தயாரித்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடக் கேட் பூட்டியிருந்தது.

உள்ளே வாட்ச்மேன் வேப்பஞ்சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். வயதான மனிதர், நிதானமாக வந்தார். எங்களைப் பார்த்தார், கயலின் பையைப் பார்த்தார். வெயில் அதிகம் என்று பள்ளி திறப்பை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டார்களாம். சனிக்கிழமையே சொல்லிவிட்டார்களாம்.

"அதெப்படிங்க? எங்க தெருவுல புள்ளைங்க எல்லாம் போறாங்களே" என்றேன்.

"அது தமிழ்நாடு சார். அது வேற வெயிலு."

அதன்பிறகு நான் செய்ததை எழுதக் கூசுகிறது. கேட்டைப் பிடித்து உலுக்கினேன். இந்த வெயில் எல்லைக்கோடு பார்த்துத்தான் அடிக்கிறதா என்று அந்த அப்பாவி மனிதரிடம் சண்டைக்குப் போனேன். ஸ்கூட்டியை எட்டி உதைத்தேன். அது விழுந்து என் கால்மேலேயே சாய்ந்தது. பத்து நாள் சேர்த்த சமநிலை மொத்தமும் ஒரு நிமிஷத்தில் தெருவுக்கு வந்துவிட்டது.

கயல் அதை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அடுத்த வாரம் மறுபடியும் வரணுமாப்பா? இருக்கிற தைரியத்த எல்லாம் இன்னிக்கே செலவு பண்ணிட்டனே."

நான் அப்படியே கேட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பிள்ளை இனி பள்ளிக்கூடத்துக்கு வராது, அதைக் கெடுத்தவன் நான்தான் என்று தோன்றியது. ஒரு போனைத் திறந்து வைத்திருந்தால் போதும். அவளை அவள் போக்கில் விட்டிருந்தாலே போதும். அழுகை வந்துவிட்டது. லேசாகக் கண் கலங்குவது அல்ல, மூக்கு ஒழுகுகிற அழுகை. வாட்ச்மேன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கயலிடம் விசாரித்தார்.

கயல் பையைக் கழற்றி வைத்தாள். என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி குவித்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"ரசம்பா. மோந்து பாரு. இப்ப ஊது."

ஊதினேன். வேறு என்ன செய்வது. ஐந்து தடவையும் எண்ணினாள், ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் மனம் இரங்கியோ பயந்தோ கேட்டைத் திறந்துவிட்டார். கயல் காலி வகுப்புகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். தன் பெஞ்சைக் கண்டுபிடித்துத் தூசி தட்டி உட்கார்ந்தாள். காலை ஒன்பதரை மணிக்கு வேப்பமரத்தடியில் புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். வாட்ச்மேன் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மைக் கிளறிப் போனை எடுத்து உயிர்கொடுத்ததும் மிஸ்டு கால் எஸ்எம்எஸ் வரிசையாக வந்தது. வில்லியனூரிலிருந்து செல்வியின் தம்பி, ஸ்கூல் இல்லை மாமா என்று சொல்லப் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். செல்வி எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டவணையை உரித்து, மடித்து, அடுப்பு மேடையில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் போட்டாள்.

அடுத்த வாரம் பள்ளி திறந்த அன்று கயல் என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். "நீ வர வேணாம்பா. நீ அழுதா நான் யாரப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் பஸ் ஏறினாள். அன்றைக்கு ஆபீசில் ஒரு கோப்பைக்கூட நான் திறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாளே என்று ஒரு மணிக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டில் இரண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். என்ன பேசுவது என்று தெரியாமல், அப்பா கேட்டைப் பிடித்து அழுது ரசம் ஊதிய கதையைச் சொன்னாளாம். நடித்தும் காட்டினாளாம். அப்புறம் வகுப்பே வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டதாம்.

கயல் இப்போது எட்டாம் வகுப்பு. அந்த இரண்டு பெண்களும் எங்களுக்கு முந்திய ஊர்களில் ஏறி அதே பஸ்ஸில் வருகிறார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது, நான் ரசம் அப்பா. இந்த ஜூனில் பஸ் கிளம்பும்போது கயலும் அவர்களுமாக மூன்று பேரும் ஜன்னலில் கைகளைக் குவித்து என் பக்கம் நீட்டினார்கள். எதிர் வரிசைத் தமிழ்நாடு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஸ்டாப்பில் நின்று மோந்து பார்த்து ஊதினேன். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் ஊதிக்கொண்டுதான் நின்றேன். மூன்று வருஷமாக ஊதுகிறேன், எனக்கு மட்டும் அந்த ரசம் ஆறவே இல்லை.