புட்போட் அண்ணனின் தயிர்ச் சட்டி

என்னைவிடப் பயந்த ஒரு மனிதர் இந்தக் கிழக்குக் கரையில் இருக்கிறார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், நான் சண்டைக்குப் போயிருப்பேன். பயத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. கடல் ஒரு தடவை எங்கள் வீட்டுக்குள் வந்து போனதிலிருந்து, குழாயில் தண்ணீர் கொஞ்சம் சத்தமாக வந்தாலே எழும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே புட்போட் அண்ணனுக்கு முன்னால் ஒரு மாவீரன்.

தாய் தகப்பன் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எங்கள் ஊர் பாண்டிருப்பில் ஒருவருக்கும் தெரியாது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடிய பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸின் ஏறுபடியான புட்போட்டில் ஒரு ஆளின் பெருவிரல் நின்றாலும் 'றைட்' சொல்ல மாட்டார். அவர் றைட் சொல்லாமல் பஸ் அசையாது.

"உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க! விழுந்து கிழுந்தா உங்கட அம்மாட்ட நானா போய்ச் சொல்லுற?"

உள்ளுக்கு மூச்சு விடக்கூட இடமிருக்காது. அதற்காக அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்கி நின்று கெஞ்சுவார். அவருடைய பஸ்ஸில் கலியாணத்துக்கென்று ஏறியவர்கள், பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி மாறவில்லை. வாசற்படியில் யார் நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. சலூன் வாசலில் நின்று பேப்பர் பார்ப்பவர், கடைப் படியில் நின்று சோடா குடிப்பவர், எல்லோரையும் உள்ளுக்குத் தள்ளுவார். கோயில் வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற ஐயரையே, "உள்ளுக்கு வாங்க ஐயா" என்று கூப்பிட்டவர்.

இவருக்குப் பொழுதுபோக்கு, பொமேரியன் நாய் வளர்ப்பது. பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள் பிறக்கும். ஒன்றையும் விற்க மாட்டார். காரைதீவிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் காசோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். "இவர் குட்டி விக்கிறாரா, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறாரா?" என்று ஒருவர் கேற்றடியில் நின்றே கத்திவிட்டுப் போனார். "கேற்றில நிக்காதீங்க, உள்ளுக்கு வந்து கத்துங்க" என்றாராம் இவர்.

அந்தக் கேற்றில்தான் என் மகள் தர்ஷி மாட்டுப்பட்டாள். நான்கு வயது. முன்பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். முன்பள்ளியில் ஒருவரோடும் வாய் திறக்காத பிள்ளை, அந்தக் குட்டிகளோடு மட்டும் ஓயாமல் கதைப்பாள். கடைசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "எனக்கும் ஒண்டு" என்றாள்.

மனைவி ரேணு உடனே, "தனிப் பிள்ளை. ஒரு துணை வேணும்தானே? சின்ன நாய்தானே?" என்றாள்.

சின்ன நாய்தான். ஆனால் பல்லும் சின்னதாக இருந்தால் வலிக்காதா? அன்றிலிருந்து எனக்கு நித்திரை போனது. கடித்தால்? விசர் பிடித்தால்? மயிர் தொண்டைக்குள் போய் வீசிங் வந்தால்? வேண்டாம் என்று சொன்னாலும் பயம். குட்டிகளோடு கதைக்கிற அந்தக் கொஞ்சக் கதையையும் பிள்ளை நிறுத்திவிட்டால்?

நான் கல்முனை பஜாரில் ஒரு புடவைக் கடையில் துணி வெட்டுகிறவன். முதலாளி கல்முனைக்குடியைச் சேர்ந்த முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் யோசனை கேட்டேன்.

"பூனை ஒண்டு வளக்குங்களன் தம்பி. எங்குட ஊட்டுல மூணு இரிக்கி. ஒரு தொல்லையுமில்ல. நம்மளத்தான் அதுகள் வளக்கிற."

"பிள்ளை நாய்தான் கேக்கிறாள் காக்கா."

"அப்ப நான் ஒங்குட ஊட்டுக்கு வந்தா கேற்றடியிலதான் நிப்பன். நாய் பட்டா நாங்க கழுவிட்டுத்தான் தொழணும். அதுக்கென்ன, கதைக்கிறதுக்கு வாய் உள்ள வந்தாப் போதும்தானே? ஆனா ஒண்டு செல்றன். ஒங்களுக்கு நாய் வேணாமெண்டா, அந்தக் கொண்டக்டர்ட்டப் போய்க் கேளுங்க. அவர் தரமாட்டார். பிள்ளைட கோவம் அவருக்கு மேல போயிரும்."

எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. மறுநாளே மூன்று பேரும் போனோம். நாங்கள் கேற்றை அடைய முதலே, "உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று சத்தம் கேட்டது. குட்டிகள் ஒரு பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தன. முற்றத்து மூலையில் லக்கி என்ற கிழட்டு நாய், பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நொண்டி நொண்டி வந்து எங்களை முகர்ந்து பார்த்தது.

"கடிக்குமா அண்ணன்?" என்று நான் கேட்டேன். அதே நேரத்தில் அவரும் ஒன்று கேட்டார்.

"மிதிக்குமா?"

"ஆர்?"

"உங்கட பிள்ளை."

நான் திகைத்துப் போனேன். இதுவரை என் பிள்ளைக்கு உலகம் என்ன செய்யும் என்று மட்டும்தான் பயந்திருக்கிறேன். என் பிள்ளையைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று நினைத்ததே இல்லை.

"விசர் பிடிச்சா அண்ணன்?"

"ஊசி போட்டுத்தான் குடுப்பன். பிறகு போடவேண்டியதை நீங்க தவறாமப் போடுவீங்களா?"

"பிள்ளைட கண்ணில கீறினா?"

"பிள்ளை அதுட கண்ணில விரலை விட்டா?"

"திங்கிற நேரம் பிள்ளை கிட்டப் போய், அது கோவிச்சா?"

"திங்கிற நேரம் ஏன் தம்பி பிள்ளையைக் கிட்ட விடுறீங்க? அது நித்திரை கொள்ளக்குள்ளயும் விடப்படாது. ரெண்டையும் தனிய விட்டுட்டு நீங்க ஒரு பக்கம் போகவே ஏலா. செற்றியில ஏறி நிண்டு தூக்கிக் கீழ போட்டாளெண்டா? இஞ்ச பாருங்க இந்தக் குட்டிட காலை. தீக்குச்சி!"

ரேணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பயந்து முடியிறதுக்குள்ள இந்தக் குட்டி கிழவனாகிப் போகும்."

தர்ஷி லக்கியின் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தாள். புட்போட் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்டைப் பாக்க வாறன்" என்றார்.

வந்தார். பஸ்ஸைப் புறப்பட முன் சோதிக்கிற மாதிரி வீட்டைச் சோதித்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். கட்டிலின் உயரத்தைச் சாணால் அளந்தார். பிறகு பையிலிருந்து வெறும் தயிர்ச் சட்டி ஒன்றை எடுத்தார். கடையில் தயிர் உறைய வைத்து விற்கிற மண் சட்டி, கழுவிக் காயவைத்தது. அதைத் தர்ஷியின் கையில் கொடுத்தார்.

"மகள், இதுதான் குட்டி. கீழ குந்தி இருந்துதான் மடியில வைக்கணும். தூக்கிக்கொண்டு நடக்கப்படாது. ஒரு கிழமைக்கு இது உடையாம இருந்தா, வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரியப்பா உண்மையான குட்டி கொண்டு வருவன்."

"உடைஞ்சா?" என்றேன் நான்.

"உடைஞ்சா ஒரு சட்டி போச்சு. கால் போகல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் கையில் மண் சட்டி. அன்று பின்னேரத்தைத் தாண்டாது என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பிள்ளை சட்டிக்கு றிபன் கட்டினாள். பழைய சாறனை மடித்துப் படுக்கை போட்டாள். சுவரோரம் அதற்கென்று ஒரு இடம். நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துதான் மடியில் வைப்பாள். கொஞ்சம் சோறு போடுவாள். போட்டதும் தள்ளிப் போய் நிற்பாள். அது சாப்பிடுகிறதாம். முக்கியமாக, அதோடு கதைத்தாள். முன்பள்ளியில் யார் யார் அழுதார்கள், யார் யாரைக் கிள்ளினார்கள், எல்லாம் அந்தச் சட்டிக்குத் தெரியும். தகப்பன் எனக்கு ஒன்றும் தெரியாது.

"மெதுவா மகள்! பாத்து மகள்!" என்று நான் கத்தினால், "சத்தம் போடாதீங்கப்பா, பயப்பிடும்" என்பாள்.

புதன்கிழமை அளவில் எனக்குள் ஏதோ புரண்டுவிட்டது. சட்டி உடையவேண்டும் என்று இருந்தவன், உடைந்துவிடுமோ என்று நடுங்கத் தொடங்கினேன். கடையில் துணி வெட்டும்போது வீதியில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்டாலும் வீட்டுக்குப் போன் எடுப்பேன். "உடைஞ்சிட்டா?" "இல்ல." "உண்மையா?" "வையுங்க போனை!" காக்கா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாய் வர முந்தியே ஒங்களுக்கு இப்பிடி. வந்தா ஒங்களத்தான் கட்டி வைக்கணும்."

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. நான் முழுநாளும் வீட்டில். அதுதான் ஆபத்து.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன். சட்டி சுவரோரம் தன் இடத்தில் இருந்தது. யாராவது நடந்து போகும்போது கால் பட்டால்? பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலால் பாய்ந்தால்? இன்னும் கொஞ்ச நேரம்தானே, பத்திரமான இடத்தில் வைப்போம் என்று எண்ணினேன். அலுமாரிக்கு மேலே வைத்தால் ஒருவர் கையும் எட்டாது. சட்டியை எடுத்து, நுனிக்காலில் எழும்பி, மேலே வைக்கப் போனேன்.

சத்தம் கேட்டு ரேணு ஓடி வந்தாள். தர்ஷி ஓடவில்லை. நடந்து வந்து துண்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கீழ இருந்துதான்பா தூக்கணும்" என்றாள்.

ரேணு என்னைத் தள்ளினாள். "நிக்காதீங்க, ஓடுங்க! சந்திக் கடையில ஒரு தயிர் வாங்குங்க. எல்லாச் சட்டியும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

நான் செருப்பைத் தேடினேன். தர்ஷி கேட்டாள்: "அது வேற சட்டிதானே அம்மா?"

அவள் நிலத்தில் உட்கார்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைக்கத் தொடங்கினாள். றிபனையும் வைத்தாள். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், என் வாழ்க்கையில் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் கேற் திறந்தது. புட்போட் அண்ணன். கையில் துவாய் மூடிய கூடை. கூடை அசைந்தது. வாசற்படி வரை வந்தவர் தர்ஷியின் மடியில் கிடந்த ஓடுகளைக் கண்டார். நின்றுவிட்டார். உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே புட்போட்டில் நின்றார்.

"ஆர் உடைச்ச?"

தர்ஷி என்னைக் காட்டினாள்.

"அலுமாரிக்கு மேல பத்திரமா வைக்கப் போனனான் அண்ணன். பிள்ளையில ஒரு பிழையும் இல்ல. அவள் ஒரு கிழமையா..."

அவர் கூடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எங்கட லக்கிட கால் எப்பிடிப் போன தெரியுமா தம்பி?" என்றார். "கீழ கிடந்தா ஆரும் மிதிச்சிருவாங்கண்டு, குட்டியில நான்தான் தூக்கி மேசையில வச்சன்."

பிறகு நான்தான் சொன்னேன்: "உள்ளுக்கு வாங்க அண்ணன். படியில நிக்காதீங்க."

வந்தார். தர்ஷிக்கு முன்னால், நோவெடுக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு, நிலத்தில் உட்கார்ந்தார். ஓடுகளை அவளுடைய மடியிலிருந்து தன் துவாய்க்கு மாற்றினார். காலியான மடியில் குட்டியை வைத்தார்.

"இது பிள்ளைக்கு" என்றார். என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இல்ல. நீங்க தூக்கவே படாது."

இன்றுவரை நான் தூக்கவில்லை. குட்டியின் பெயர் சட்டி. முன்பள்ளியில் தர்ஷி முதன்முதலாக வாய் திறந்து சொன்ன விசயம், "எங்கட சட்டிக்கு வால் இருக்கு" என்பதாம்; ஆசிரியை பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். காக்கா பெருநாளுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்புக் கொண்டு வந்தால், சொன்ன மாதிரியே கேற்றடியில் நின்று குசலம் விசாரிப்பார். புட்போட் அண்ணன் அங்கே இருந்தால், ஒருவர் உள்ளுக்கு வரச் சொல்ல, மற்றவர் மாட்டேன் என்க, வட்டிலப்பம் நடுவில் தவிக்கும்.

போன வருசம் முழங்கால் வருத்தம் கூடி, அவர் லக்கியோடு திருகோணமலைக்கு மகள் வீட்டுக்குப் போனார். ஓட்டோ எங்கள் கேற்றில் வந்து நின்றது. எல்லாம் ஏற்றியாயிற்று, எல்லாம் சொல்லியாயிற்று. ஓட்டோ மட்டும் போகவில்லை. சாரதி திரும்பித் திரும்பிப் பார்த்தான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தர்ஷிதான் ஓட்டோவின் முதுகில் தட்டி, "றைட்" என்றாள்.

மாரி தொடங்கினால் அங்கே அவர் டிவியில் வானிலை அறிக்கையை விடமாட்டார். எங்கள் அம்பாறைக் கரையில் இடி என்று சொன்னால் போதும், என் போன் அடிக்கும்.

"இடி முழங்கினதா தம்பி? பிள்ளை பயந்ததா?"

"இல்ல அண்ணன்."

"சட்டி?"

"கட்டிலுக்குக் கீழ. பிள்ளையும் பக்கத்தில கீழதான் இருந்து கதைக்குது."

"சரி, சரி." பிறகு, "நீங்க?" என்பார்.

வேறு யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. இப்போதெல்லாம் வானம் கறுத்தால், நான் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது போனில் சார்ஜ் இருக்கிறதா என்றுதான்.