திருமூர்த்தி வைத்த மூன்று சோளக்கதிர்கள்

மேஜையில் விரித்திருந்த பாயில் மூன்றாவது சோளக்கதிரையும் வைத்துவிட்டு, திருமூர்த்தி பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். தங்கள் மகள் விஷாகாவுக்கு அவனை மாப்பிள்ளை பார்க்க ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்திருந்த ராமசுப்ரமணியனும் மனைவி பர்வதமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கறுப்பின அமெரிக்கர்களின் அறுவடைப் பண்டிகையான க்வான்சா என்னவோ டிசம்பர் கடைசியில்தான். அதற்குள் எல்லோரும் லீவுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று, ரிச்சர்ட்சன் கேம்பஸின் கறுப்பின மாணவர்கள் முதல் வாரமே கொண்டாடினார்கள். அங்கே லேப் மேனேஜரான தனக்கு இருக்கும் மரியாதையைப் பெண்வீட்டார் கண்ணால் பார்க்கட்டும் என்று, அவர்களை நேரே விழாவுக்கே வரச் சொல்லியிருந்தான். வருகிறவர்கள் சோளம் கொண்டுவர வேண்டுமாம். ஒன்றே ஒன்று வைத்தால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களே என்று மூன்றாக வாங்கி வந்தான்.

விழாவை நடத்திய பேராசிரியர் டெனிஸ், பாயில் இருந்த ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். சோளத்துக்கு வந்ததும், வீட்டில் எத்தனை குழந்தைகளோ அத்தனை கதிர்கள் என்றார். திருவுக்கு மூன்று குழந்தைகள் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்று மைக்கிலேயே வாழ்த்தும் சொன்னார். ஹாலே கைதட்டியது. ராமசுப்ரமணியன் மட்டும் தட்டவில்லை.

திருமூர்த்தி பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட இரண்டு கதிர்களை எடுத்துக்கொண்டு, இவை இரண்டும் என்னுடையவை அல்ல என்று ஆங்கிலத்தில் அறிவித்தான். கைதட்டல் சட்டென்று நின்றது. டெனிஸ் அவன் தோளில் கை வைத்து, யார் பெற்றால் என்ன, வளர்க்கிறவர்தானே அப்பா என்றார். அவர் பார்த்த பார்வையில் இரண்டையும் திரும்ப வைத்துவிட்டான். இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியர்த்து விறுவிறுத்து முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தான்.

"அங்கிள், அந்த மூணும் வந்து... நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன்."

ராமசுப்ரமணியன் தரையைப் பார்த்தார். பர்வதம் எழுந்து மேஜைக்குப் போனாள். பக்கத்துக் கூடையில் மிச்சமிருந்த கதிர்களில் நல்லதாக இரண்டைப் பொறுக்கி, அவனுடைய மூன்றுக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நீங்களே முந்திக்கிட்டீங்க, மாப்ளே. எங்க விஷாகாவுக்கு ரெண்டு இருக்குங்கறத எப்படிச் சொல்றதுன்னு ப்ளேன் ஏறினதுலேர்ந்து தவிச்சிட்டிருந்தோம்."