பன்னிரண்டாவது சிரிப்பு

"மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம் நான் சிரிச்சுக்கிட்டே இருக்கணும்?"

பல் டாக்டரின் மாமியார் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் சாய்ந்து வாயைத் திறக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். சிரிப்பு கலைந்துவிடக் கூடாதே என்று உதட்டை அசைக்காமல் பேசினார்.

"ஒரே நிமிஷம் அத்தை," என்றார் டாக்டர்.

இதையே அவர் ரொம்ப நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பழைய இரட்டை லென்ஸ் காமிரா. வயிற்றருகே பிடித்துக்கொண்டு, மேலே குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் பெட்டி. பதினோரு படங்களை ஒழுங்காக எடுத்துவிட்டு, பன்னிரண்டாவதுக்கு அது அடம் பிடித்தது. பிலிமைச் சுற்றும் பக்கவாட்டுக் கைப்பிடி பாதி வட்டம் போய் நின்றுவிட்டது. எத்தனை முறை சுற்றினாலும் அதற்கு மேல் போகவில்லை.

மாமியார் பல் விழுந்த நாளிலிருந்து எந்தப் போட்டோவிலும் வாயைத் திறந்ததில்லை. குடும்ப ஆல்பம் முழுக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருப்பார். டாக்டர் தானே அளவெடுத்து, தேய்த்து, தேய்த்ததைத் திரும்பத் தேய்த்து, அவருக்கு ஒரு பல் செட் செய்து கொடுத்தார். இன்றைக்குத்தான் அதை மாட்டிக்கொண்டு முதல்முறையாகக் காமிராவைப் பார்த்துச் சிரித்தார். சாயங்காலம் விமானம் ஏறி மூத்த மகன் வீட்டுக்குப் போகிறார். போனால் எப்போது திரும்புவாரோ. "கடைசிப் படத்துல நீங்களும் நானும் சேர்ந்து நிக்கணும் மாப்பிள்ளை" என்று அவரே வாய்விட்டுக் கேட்டிருந்தார்.

"பல்லே இல்லாத வாய்ல பல் கட்டறவன் நான்," என்று டாக்டர் காமிராவிடம் உறுமினார். "ஒரு தகர டப்பா என்கிட்ட வேலை காட்டுதா?"

பிலிம் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் பெரும் அவசரத்தில் இருந்தார்.

"அந்த மாடலா சார்? பிலிம் சுத்தற இதே வைண்டிங் விஷயமா ஒருத்தர் இருக்காரு. நம்பர் தரேன், பேசுங்க. டாக்டர் கூப்பிடுவார்னு அவர்கிட்டயும் சொல்லி வைக்கறேன்."

டாக்டர் அந்த நம்பரை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தார்.

"ஹலோ, டாக்டர் பேசறேன். வைண்டிங் விஷயமா..."

"டாக்டரா! வணக்கம், வணக்கம். உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்!"

மரியாதை தெரிந்த மெக்கானிக் என்று டாக்டருக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர் நிலைக்கவில்லை.

"கைப்பிடி பாதியிலேயே நிக்குது," என்றார்.

"அதேதான் டாக்டர்! எப்படிக் கரெக்டா சொல்லிட்டீங்க!"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? கண்ணெதிர்ல தெரியுதே! அடுத்து என்ன?"

"அதான் டாக்டர், அடுத்து என்ன? ஷட்டரை ஒரு தடவை அமுக்கிட்டுச் சுத்திப் பார்க்கலாமா?"

"பாருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே! அதென்ன பார்க்கலாமா?"

"சரி டாக்டர்."

"அமுக்கிட்டேன்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டர் போனை உற்றுப் பார்த்தார். "நீங்களும் அமுக்கினீங்களா?"

"ஆமா டாக்டர். அதே மாடல்தான். கையிலேயே வெச்சிருக்கேன்."

நமக்குச் சொல்வதை அவரும் கூடவே செய்து பார்க்கிறாராக்கும், அசல் தொழில்காரர்தான் என்று டாக்டர் கொஞ்சம் சமாதானமானார். கைப்பிடியைப் பார்த்ததும் சமாதானம் பறந்துவிட்டது. இதுவரை பாதி வட்டமாவது போய்க்கொண்டிருந்தது, இப்போது இம்மியும் அசையவில்லை.

"இப்ப சுத்தமா மாட்டிக்கிச்சு!"

"ஆமா டாக்டர், சுத்தமா!" மறுமுனைக் குரலில் கவலை தெரிந்தது. "அடியில இருக்கிற குமிழை இழுத்துவிட்டா, உள்ளே சுருள் தளரும்னு எங்கேயோ படிச்சேன்."

"எங்கேயோ படிச்சீங்களா? இதைச் சொல்ல வெட்கமா இல்ல?"

"தப்பா டாக்டர்? வேண்டாம்னா விட்டுடறேன்."

"என்னை ஏன் கேக்கறீங்க?"

"உங்களைத்தானே கேக்கணும்!"

அதுவும் சரிதான் என்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். நோயாளியின் சம்மதம் கேட்காமல் தானும் எதையும் பிடுங்குவதில்லையே. "இழுங்க," என்று கத்திவிட்டுத் தானும் இழுத்தார்.

குமிழ் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, கழண்டு வந்துடுச்சு!"

"இங்கேயும் டாக்டர்!"

டாக்டர் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேருக்கும் வந்திருக்குன்னா, அது வர வேண்டியதாத்தான் இருக்கும்," என்றார்.

"நீங்க சொன்னா சரி," என்று மறுமுனை பெருமூச்சு விட்டது.

கதவு லேசாகத் திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "டாக்டர், கடைவாய்ப் பல் பேஷண்ட் வந்து ரொம்ப நேரமாச்சு. கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கு."

"இங்கே என் மானமே போகுது, அவருக்குக் கன்னம் பெருசா? உக்காரச் சொல்லு!"

அவள் போனதும், பல் பார்க்கும் தட்டிலிருந்த கருவிகளாலேயே பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினார். தகடு வந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு சின்னச் சின்னச் சக்கரங்கள்.

"டாக்டர், பல்சக்கரம் தெரியுது," என்றது குரல். "பல்லு தேஞ்சிருக்குமோ?"

டாக்டருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "பல்லைப் பத்தி என்கிட்டயா சந்தேகம்? இருபது வருஷமா பல்லுதான்யா பார்க்கறேன்!"

"அதான் டாக்டர் எனக்குத் தைரியமே!"

சொத்தையைக் கிளறும் கொக்கி ஊசியால் டாக்டர் சக்கரத்தை ஒரு நெம்பு நெம்பினார். விர்ரென்று ஏதோ ஒன்று பறந்து, மாமியாரின் காதைத் தாண்டி, வாய் கொப்பளிக்கும் தொட்டியில் விழுந்து, தண்ணீரோடு போய்விட்டது.

"ஸ்பிரிங் போயிடுச்சு!"

"எனக்கும் டாக்டர்! ஜன்னல் வழியா!"

"நீங்க ஏன்யா நெம்பினீங்க? எதுக்கு எல்லாத்தையும் கூடவே பண்றீங்க?"

"நீங்க நெம்புற சத்தம் கேட்டுச்சு டாக்டர்."

மாமியார் ஒருவழியாகச் சிரிப்பை இறக்கி வைத்துத் தாடையைத் தடவிக்கொண்டார். "மாப்பிள்ளை, காமிரா போனாப் போகுது. எடுத்த படத்தையாவது காப்பாத்த முடியாதா?"

அது டாக்டருக்கு உறைத்தது. பிலிமை இருட்டில் வெளியே எடுத்துச் சுற்றிவிட்டால், பதினோரு சிரிப்பும் பிழைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது.

"இருட்டுல வெச்சு பிலிமை வெளியே எடுக்கப் போறேன்," என்று போனில் அறிவித்தார்.

"நானும் போறேன் டாக்டர். குளியலறைதான் இருட்டா இருக்கும்."

போன் வெளிச்சம் உள்ளே வரக் கூடாதென்று அதை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இருட்டில் பின்கதவைத் திறந்தார். சுருள் தளர்ந்து, கையில் அவிழ்ந்து, முழங்கை வரை பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைத் தேடி, மெல்லச் சுற்ற ஆரம்பித்தார். இன்னும் நாலு சுற்று சுற்றினால் போதும்.

கதவு அகலத் திறந்தது. பளீரென்று விளக்கும் எரிந்தது.

"டாக்டர், பேஷண்ட் அழறார்," என்றாள் நர்ஸ்.

டாக்டரும் அழும் நிலையில்தான் இருந்தார். திடுக்கிட்டதில் சுருள் நழுவி அவிழ்ந்து, பிலிம் அவர் தோளிலிருந்து முழங்கால் வரை வெளிச்சத்தில் தொங்கியது.

வெளியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, அவர் வீட்டம்மாவும் குளியலறைக் கதவைத் திறந்துட்டாங்களாம்!"

டாக்டர் பிலிமும் கையுமாகப் பாய்ந்து வந்தார்.

"பதினொண்ணும் போச்சா?" என்று மாமியார் மெல்லக் கேட்டார். மருமகன் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே சமாதானமும் சொன்னார். "விடுங்க மாப்பிள்ளை. பல்லு என்கிட்டதானே இருக்கு. அங்கே போய்ச் சிரிச்சுக்கறேன்."

அந்தப் பெருந்தன்மைதான் டாக்டரைக் கொளுத்திப் போட்டது. போனைப் பறித்தார்.

"யோவ்! உம்ம பேச்சைக் கேட்டு என் காமிரா போச்சு, படம் போச்சு! அத்தை கேட்டது ஒரே ஒரு படம். அதையும் கெடுத்துட்டீர்!"

"எனக்கும் என் பொண்ணு பட்டம் வாங்கின படமெல்லாம் போச்சு டாக்டர். ஆனா உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. எவ்வளவு பெரிய டாக்டருக்கும் ஒரு கேஸ் கைவிட்டுப் போகத்தான் செய்யும்."

"என்மேல வருத்தப்பட நீர் யாருய்யா? உம்மால இங்கே ஒரு மனுஷன் வீங்கின கன்னத்தோட வெளியே உக்காந்து அழறான்! நான் இப்பப் போய் அவன் பல்லைப் பிடுங்கணும்!"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"மனுஷப் பல்லா? அப்போ... நீங்க காமிராவுக்கு டாக்டர் இல்லையா?"