வலது பக்கத்து வண்டி

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரைக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ பேர் மேல் பொறாமைப்பட்டிருப்பார்கள். அதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டித் தராசில் வைத்தாலும், ஜப்பான் சார் மேல் நான் பட்ட பொறாமை இருக்கிற தட்டுதான் தாழும். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினான், மகனை டாக்டராக்கினான் என்று வயிறெரிகிறவர்கள் எல்லாம் கற்றுக்குட்டிகள். எனக்கு வயிறெரிந்தது ஒரு சத்தத்தில். தினமும் காலை ஏழு மணிக்கு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கார் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகும். பதினேழு வருஷமாக எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்க வேண்டும். அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஜப்பான் சார் ஜப்பானுக்குப் போனவர் இல்லை. மகனை மஸ்கட்டுக்கு வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசல் வரை போனதுதான், இந்த வருஷம் வரைக்கும், அவருடைய வெளிநாட்டுப் பயணம். நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் விசில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாலும் தொங்கும். ஜப்பான் கம்பெனிக் கார் ஒன்றை வாங்கி, அதன் பெருமையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது.

கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இந்த மாவட்டத்தில் அந்த வண்டி வைத்திருக்கும் ஒன்பது பேரும் பத்திரிகைக்குக் கடிதம் போடுவார்கள். எட்டு பேர் கம்பெனியைத் திட்டி, ஒருவர் என்னைத் திட்டி.

என் பொறாமைக்கு ஒரு காரணம் உண்டு. நானும் அதே வண்டிதான் வாங்கினேன். அதே நாளில், அதே கடையில், அதே வெள்ளி நிறத்தில். நான் கல்லூரி ஆபீசில் கிளார்க்காக இருந்து, முதல் முதலாக ஒரு கார் வாங்கப் போன காலை அது. கடையில் இரண்டே வண்டிகள் நின்றன. நானும் சாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தோம்.

"நீரு சின்னப் பிராயம். நீரே மொதல்ல எடும்" என்றார் சார்.

நான் இரண்டையும் மூன்று சுற்று சுற்றி வந்தேன். டயரைத் தட்டினேன். தட்டினால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினேன். கடைசியில் சீட்டு உறை கசங்காமல் இருந்த காரணத்தால் இடது பக்கத்து வண்டியை எடுத்தேன். சார் ஒரு விசில் அடித்துவிட்டு வலது பக்கத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். என் வாழ்க்கை அங்கே கவிழ்ந்தது.

என் வண்டிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அடுத்த வீட்டில் பாஸ்டர் வந்து சார் வண்டியின் பானெட் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். இரண்டு மாதத்திற்குள் என் வண்டி தக்கலையில் ஒரு தடவை, மார்த்தாண்டம் பாலத்தின் மேல் ஒரு தடவை, கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் ஒரு தடவை நின்றது. நான் நின்ற இடங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு டவுன் பஸ் ரூட்டே போடலாம்.

ஒவ்வொரு தடவையும் என் மனைவி ஒரே வசனம்தான் சொல்வாள். "கேட்டியளா, அண்ணைக்கு வலது பக்கத்து வண்டிய எடுத்திருந்தா?"

எலுமிச்சம்பழம் போதவில்லை என்று முடிவு கட்டி, அவளே போய் அந்தப் பாஸ்டரையும் கூட்டி வந்தாள். பாவம், நல்ல மனிதர். சார் வண்டிக்குச் செய்ததைவிட நீளமாகவே ஜெபம் செய்தார். நான் மணி பார்த்தேன். அவரை வீட்டில் கொண்டு விடலாம் என்று கிளம்பினேன். வடசேரி தாண்டவில்லை. பாஸ்டர் இறங்கி, "பொறுமையும் ஒரு வரந்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

வண்டி நிற்பதுகூடப் பரவாயில்லை. நான் நிற்கிற இடத்திற்கெல்லாம் ஜப்பான் சார் வந்து சேர்வதுதான் கொடுமை. எங்கிருந்துதான் வருவாரோ. கண்ணாடியை இறக்கி, "என்னவே, நின்னு போச்சா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். இறங்கி ரோட்டின் நடுவில் நின்று, விசிலை வாயில் வைத்து, இரண்டு கையையும் நீட்டிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார். அதுவரை என்னைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்த ஊர், விசில் சத்தம் கேட்டு நின்று என்னைப் பார்க்கும். அவரிடம் படித்த பஸ் டிரைவர்கள் இறங்கி வந்து அவருக்கு வணக்கம் வைப்பார்கள். எனக்கு அனுதாபம் தெரிவிப்பார்கள்.

வண்டியை அவர் நடத்துகிற முறையே வேறு. காலையில் நாலு கதவையும் வரிசையாகத் திறந்து அடைப்பார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!" அதற்குப் பிறகுதான் சாவி. ரிவர்ஸ் எடுக்கும்போது தானே விசில் ஊதிக்கொண்டு எடுப்பார். நாற்பதுக்கு மேல் போக மாட்டார். நாற்பதில் போனால் என் வண்டியும் ஓடும் என்று நான் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். போய்க் காட்டினேன். முப்பத்தெட்டில் நின்றது.

கம்பெனியின் சரித்திரத்தையும் டிரில் கணக்கில்தான் சொல்வார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் பக்கத்து நாற்காலியில் ஆள் கிடைத்தால் போதும்.

"ஒண்ணு! ஆதியில அவன் என்ன செஞ்சான்? நெல்லு குத்துத மிஷினு செஞ்சான். நெல்லுன்னா என்ன? நாஞ்சில் நாடு. அங்கயே நமக்கும் அவனுக்கும் ஒறவு வந்துட்டுல்லா? ரெண்டு! சண்டையில பாக்டரி எரிஞ்சு போச்சு. கெடந்த தகரத்த எடுத்து அடுப்பு செஞ்சு வித்தான். மூணு! அடுப்பு செஞ்ச கையால காரு செஞ்சான். இப்ப சொல்லும், அந்தக் காரு நிக்குமா?"

"என்னோடது நிக்குதே சார்?"

"அது வண்டிக்க கொறையில்லவே. ஓட்டுதவனுக்க கொறை."

இப்படியே ஐந்தாறு வருஷம் போனபோது, அந்தக் கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஊரே எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஜப்பான் சார் மட்டும் கலங்கவில்லை. "நாலு!" என்று சரித்திரத்தில் இன்னொரு எண்ணைச் சேர்த்துக்கொண்டார். "நாலு! போயிருக்கான். திரும்பி வருவான்."

வரும் வரைக்கும் நாம் சிதறிவிடக் கூடாது என்று மாவட்டத்தில் அந்த வண்டி வைத்திருந்த ஒன்பது பேரையும் தேடிப் பிடித்தார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம். அவருக்குத் தெரிந்த கூட்டம் வீட்டு ஜெபக் கூட்டம் ஒன்றுதான். அதே ஒழுங்கில் நடத்தினார். வண்டி நன்றாக ஓடியவர்கள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஓடாதவர்கள் விண்ணப்பம் வைக்க வேண்டும்.

மார்த்தாண்டத்து ரப்பர் வியாபாரி முதலில் எழுந்திருப்பார். "எனக்க வண்டி எந்த மலையும் கேறும். அதுல ஒரு கொறையும் சொல்லப்பிடாது. எறங்கும்போதான் கொஞ்சம் பேடியும் பயமும்."

குளச்சலில் மீன் வியாபாரம் செய்கிற அக்கா சொல்வாள். "நான் வண்டிய ஐஸ் பெட்டி ஏத்தத்தான் வச்சிருக்கேன் மக்கா. இத்தன வருஷத்துல ஒரு மொனக்கம் இல்ல. ஏசி மட்டும் மூணாவது மாசமே செத்துப் போச்சு. ஐஸ் இருக்கும்போ ஏசி என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

கடைசியில் ஜப்பான் சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வார். "எனக்க வண்டி வாங்குன நாள்ல இருந்து ஒரு நாள் நின்னதில்ல. ஸ்தோத்திரம்." எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என்னிடம் யாரும் கேட்பதே இல்லை. என் விண்ணப்பம் மாதா மாதம் தானாகவே சேர்ந்துவிடும்.

பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓட்டத் தகுதி உண்டு என்று அவர் சொன்னால்தான் மறுபடி ரோட்டில் இறக்கலாம். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைதான். ஒரே நாளில் வாங்கிய வண்டிகள், ஆகவே ஒரே நாளில் பரீட்சை. ஐப்பசி மாதத்துத் தூறலில் மைதானத்தில் வரிசையாக வண்டிகள் நின்றன. சார் வண்டி முன்னால். என் வண்டி நாலைந்து வண்டிகள் தள்ளிப் பின்னால்.

என் வண்டியின் வைப்பர் மோட்டார் போய் மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. மழை பெய்தால் மனைவி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துணியால் துடைப்பாள். திருவனந்தபுரம் முதல் மதுரை வரை தேடியும் அந்த மோட்டார் எங்கும் கிடைக்கவில்லை. மழை இல்லாத நாளாக இருந்தால் இன்ஸ்பெக்டர் வைப்பரைக் கவனிக்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். நம்பினவனுக்கு வானம் வைத்த ஆப்பு அது.

சார் வண்டி பாஸ் ஆகி வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் அதன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். சார் நேராக என்னிடம் வந்தார்.

"வைப்பர் ஓடுமாவே?"

"ஓடும் சார்."

"போடும், பாப்பம்."

போட்டேன். அது அசையவில்லை. சார் என்னைப் பார்த்தார். நான் தூறலைப் பார்த்தேன். இதோ சரித்திரம் ஆரம்பிக்கப் போகிறது, நெல்லு குத்துகிற மிஷின் வரப் போகிறது என்று காத்திருந்தேன். அவரோ திரும்பிப் போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தார்.

"சார், என்ன செய்யுதீங்க?"

"வாய மூடிட்டு அந்த ஸ்பேனரப் பிடியும்."

அப்போதுதான் தேறிய வண்டியிலிருந்து மோட்டாரைக் கழற்றினார். டிரில் மாஸ்டரின் கை, நாலு போல்ட்டையும் எண்ணிக் கழற்றி எண்ணி மாட்டியது. என் முறை வந்தபோது வைப்பர் குட்டி ஆடு வாலாட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. என் வண்டி பாஸ் ஆனது.

நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்ததும் பொறாமைதான். மைதானத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்று கை கொடுத்தார்கள். எவனும் என் பக்கம் திரும்பவில்லை. செய்தி கேட்ட என் மனைவி, "வலது பக்கத்து வண்டிய எடுத்திருந்தா, இப்பிடி ஒருத்தருக்குக் கழட்டிக் குடுக்க உங்களுக்கு மனசு வருமா?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

மைதானத்திலிருந்து திரும்பும்போதே சாரிடம் கேட்டிருந்தேன். "ஏன் சார் இப்பிடிச் செஞ்சீங்க?"

"உமக்க வண்டி இரும்புக் கடைக்குப் போயிட்டுன்னா, எனக்க வண்டிக்க பவுசு யாருக்குவே தெரியும்?"

அன்றிலிருந்து இரண்டு வண்டிக்கும் ஒரே மோட்டார். அது என் வண்டியிலேயே இருக்கட்டும் என்றார். மழை நாளில் சாருக்கு எங்கேயாவது போக வேண்டுமானால் நான்தான் கொண்டு விடுவேன். இடது சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக என் கியரைக் குறை சொல்லிக்கொண்டு வருவார். நின்றால் விசில் ஊத ஆள் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கும் ஒரு வசதி.

இந்த வருஷம் பேரப்பிள்ளையைப் பார்க்க மஸ்கட்டுக்குப் போனார். போகும் முன் சாவியையும் விசிலையும் என் கையில் கொடுத்தார். "தெனமும் ஏழு மணிக்கு. நாலு கதவு, பொறவு சாவி. பத்து நிமிஷம் ஓடணும். கேட்டீரா?" ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வார். நலம் விசாரிக்க இல்லை. "சத்தத்தக் கேக்கணும்வே. இங்க உள்ள வண்டியெல்லாம் ஊமை" என்பார். நான் ஸ்டார்ட் செய்து போனை பானெட் பக்கம் பிடிப்பேன். ஒரே திருப்பலில் அது பிடித்துக்கொள்ளும். எனக்கு வயிறு எரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு கதவையும் எண்ணித் திறந்து அடைத்தேன். சாவியைத் திருப்பினேன். டக் என்றது. மறுபடி திருப்பினேன். அந்த டக்கும் இல்லை.

பதினேழு வருஷம் காத்திருந்த காலை அது. இறங்கி வந்து முன்னால் நின்று ஆசை தீரப் பார்த்தேன். நின்றுவிட்டது. ஜப்பான் சார் வண்டி நின்றேவிட்டது. தெருவில் யாராவது சாட்சிக்கு இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"என்னவே, மணி ஏழு தாண்டிட்டே. வண்டிய எடுத்தீரா?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அங்கே காய்ச்சலாம், இரண்டு நாளாகப் படுக்கையாம். அதை அவர் சொல்லவில்லை, பக்கத்திலிருந்து மகன் சொன்னான்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, மதில் சுவரைச் சுற்றி என் வீட்டுக்கு ஓடினேன். என் வண்டியில் ஏறினேன். வழக்கமாக அதற்கு நாலு திருப்பலும் இரண்டு மதத்து வேண்டுதலும் வேண்டும். இன்றைக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே திருப்பலில் பிடித்துக்கொண்டது. போனை பானெட் மேல் வைத்தேன்.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"கேட்டீராவே? ஒரே திருப்பு! உமக்க வண்டிக்கு இந்த ஜென்மத்துல இப்பிடி ஒரு சத்தம் வருமா?"

பதினேழு வருஷத்துப் பதில் என் வண்டியின் பானெட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"வராது சார்" என்றேன்.