அப்பாவுக்குப் பால் நிறுத்திய பயாலஜி சேர்

கண்டியில் பதினாறு வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இதயத்தைப் பற்றி எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் பேசுவேன். அது எங்கள் வீட்டு இதயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் போன வருடம் நெஞ்சு வலி வந்தது. இதயத்துக்கு இரத்தம் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது, துடிப்பும் இடைக்கிடை தடுமாறுகிறது என்று சொல்லி, டொக்டர் கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் போனில் தேடினேன். இரத்த ஓட்டம் குறையும்போது இதயத்தின் உயிர்க்கலங்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிச் சேரும், அதனால் துடிப்பு தாளம் தப்பலாம், இந்த மாத்திரை கால்சியம் நுழையும் வாசலை ஒடுக்கும் என்று போட்டிருந்தது. அவ்வளவையும் வாசித்த எனக்கு மனதில் நின்றது கால்சியம் மட்டும்தான். மாத்திரை வாசலில் மறித்துக்கொண்டு நிற்க, நாங்கள் பாலும் தயிருமாக உள்ளே அனுப்பலாமா?

அன்றே அப்பாவின் பால் தேநீரை நிறுத்தினேன். பிறகு தயிர், நெத்தலி, கீரை. (முருங்கைக் கீரையில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று அம்மாவுக்கு அரை மணித்தியாலம் விளக்கம் வேறு.) மிஞ்சியது சோறும் ரசமும். அப்பா கோபத்தில் அதையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். நான் மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை கதிரையிலிருந்து எழும்பியவர் அப்படியே சரிந்தார். ஆட்டோ பிடித்து ஏற்றினால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவே இல்லை. அப்பாவின் நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அழுதேவிட்டேன். நாடி பெருவிரல் பக்கம், நான் பிடித்திருப்பது சுண்டுவிரல் பக்கம் என்று அப்பாதான் கையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்தார்கள். துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. இரத்த அழுத்தம்தான் விழுந்திருந்தது. என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டதும், நான்கு நாள் கதையையும் அப்பா வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் படித்த பிள்ளை.

"சேர், சாப்பாட்டுல கால்சியம் குறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்தாவது ரத்தத்துல அளவ சரியா வச்சுக்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம். வருடா வருடம் படம் கீறிச் சொல்லிக் கொடுப்பதுதான். பயத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பட்டினியில் இந்த மாத்திரையைப் போட்டால் அழுத்தம் விழத்தான் செய்யும், பால் குடிப்பதற்கும் மாத்திரைக்கும் சண்டையே இல்லை என்று டொக்டர் வந்து சொன்னபோது, அப்பாவை நானே கொல்லப் பார்த்தேனே என்று அப்பாவின் கட்டிலிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டில் யாராவது தும்மினாலும் அம்மாவிடம் சொல்கிறார்: "படிப்பிச்சவன கூப்பிடாத. படிச்ச புள்ளைய கூப்பிடு."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அம்மா சிரித்துக்கொண்டே உண்மையிலேயே அந்தப் பிள்ளைக்குத்தான் போனில் கோல் எடுக்கிறார்.