மாலையில் வளர்ந்த மேஜர்

இந்திய ராணுவத்தைப் பல வருடங்கள் தாங்கிப் பிடித்தவர் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் வாசல் காவலாளி. டெல்லியில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு மேஜரைத் தெரியாது.

மேஜர் என்பது நாங்கள் கொடுத்த பதவி. ராணுவம் அவரை ஹவில்தாராகத்தான் வீட்டுக்கு அனுப்பியது. கம்பெனி கேட்டை அவர் எல்லைச் சாவடியாகவே நடத்தினார். வேலை முடிந்து போகிறவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. என் பாக்ஸில் மிச்சமிருந்த பிரியாணியைக்கூட ஒரு நாள் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். முதலாளி பெரிய பாய் அடையாள அட்டை இல்லாமல் வந்தபோது காரையே மறித்துவிட்டார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும் சாப். கேட்டுக்குத் தெரியாதே" என்றார். பாய் வீட்டுக்குத் திரும்பிப் போய் அட்டையை எடுத்து வந்தார்.

எதிர் டீக்கடை டிவியில் சம்பளக் கமிஷன் பேச்சு வந்தால் போதும், மேஜர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்கள் என்று யாராவது மேடையில் உருகினால், டிவியோடு சண்டைக்கே நிற்பார்.

"உயிர அப்பறம் குடுக்கறோம்யா, மொதல்ல நல்ல ஷூ குடு. சல்யூட்டு ஜாஸ்தி, சௌகரியம் கம்மி."

"இன்னா மேஜர், அதான் சம்பளம் ஏத்தறேன்றாங்களே" என்பார் டீ மாஸ்டர்.

"ஏத்தட்டும், வேணான்னா சொன்னேன்? நோட்ட மடிச்சி ஷூவுக்குள்ள வெச்சிக்கினா குளிர் அடங்கிடுமா?"

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். லீவு முடிந்து காட்பாடியில் ரயில் ஏறப் போகும் பையன்கள், முதலில் எங்கள் கேட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவார்கள். மேஜர் ஒவ்வொன்றிலும் ஒரு இன்சோலைச் சொருகுவார். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் மெத்தைதான் இன்சோல். எங்களுடையது பஞ்சு மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் நாயைக் கூட்டிக்கொண்டு பார்க்கில் நடப்பதற்காகத் தைக்கிற ஷூ அது. இவருக்கு அது எப்படிக் கிடைக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த நாள் நம் பிரியாணியை யார் காப்பாற்றுவது?

ஒருமுறை பேரணாம்பட்டுப் பையன் ஒருவன் மலை உச்சியிலிருந்து வீடியோ காலில் வந்தான்.

"மேஜர் மாமா, லேடீஸ் ஷூவோடத வெச்சிட்டீங்க. பிங்க் கலர்ல பூ போட்டிருக்குது. கேம்ப்பே சிரிக்குது."

"சிரிக்கட்டும்டா. கால் வெரலு அசையுதா பாரு."

"நல்லா அசையுது மாமா."

"அப்ப போன வெச்சிட்டுப் போய் டூட்டியப் பாரு."

ஒரு மழை நாள் சாயங்காலம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கார் வரும்வரை பெரிய பாய் கேட்டில் மேஜரின் பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மேஜர், காலைல என் தோள் வரைக்கும் இருந்தீங்க. இப்ப காது வரைக்கும் இருக்கீங்களே?"

மேஜர் விறைப்பாக நின்றார். அதில் இன்னும் கொஞ்சம் உயர்ந்தார்.

"ஷூவக் கழட்டுங்க."

எத்தனையோ பேரைக் கழற்றச் சொன்னவர் அன்று மெதுவாகக் குனிந்தார். ரிஜெக்ட் குவியலில் பொறுக்கிய இன்சோல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாக வெளியே வந்தது அவருடைய இடது பாதம். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

"இன்னா மேஜர் இது?"

"பனில போச்சு சாப். பூட்ஸு நனைஞ்சி அப்பிடியே வெறச்சிக்கிச்சி. பென்ஷன் கரெக்டா வருது, வெரலுதான் வரல." இன்சோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "அந்த எடம் சும்மாதானே கெடக்குதுன்னு இத வெச்சி எடுத்துனு போவேன்" என்றார்.

டிபன் பாக்ஸ் திறக்கச் சொன்ன வாயால் திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டார். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் போய்விட்டால் அந்தப் பையன்கள் எந்தக் கேட்டில் போய் பூட்ஸைக் கழற்றுவார்கள்?

பாய் ஒரு இன்சோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ரிஜெக்ட் பீஸையா குடுக்கறீங்க? என் கம்பெனி மாலு, பட்டாளத்துப் பசங்க கால்ல, அதுவும் ரிஜெக்ட்டு? மானமே போச்சு. நாளைலருந்து நல்ல பீஸா எடுத்துக் குடுங்க. ஸ்டோர்ல நான் சொல்லிட்றேன்."

மேஜர் ஒற்றைப் பூட்ஸோடு சல்யூட் அடித்தார். நான் மழையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எனக்குத்தான் பேஜார். அனுமதியோடு கொண்டு போனாலும் சோதனை சோதனைதான் என்று, தினமும் சாயங்காலம் தன் பையை என்னிடம் நீட்டுவார். பார்க்காமல் தலையாட்டினால் விடமாட்டார்.

மேஜர் இப்போது அரக்கோணத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். லீவில் வரும் பையன்கள் அங்கேயும் தேடிப் போகிறார்களாம். எங்கள் கேட்டில் புதுக் காவலாளி. நல்ல மனிதர், யாருடைய பிரியாணியையும் கிளறுவதில்லை. காலையில் எவ்வளவு உயரமோ, சாயங்காலமும் அவ்வளவேதான் இருக்கிறார். வீட்டுக்குப் புறப்படும்போது தினமும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன். எனக்கு அந்த உயரம் போதவில்லை.